வாங்காத கல்

அந்த எஸ்டேட்டின் கேட் சாத்தப்படும் சத்தம் கேட்டபோது நாங்கள் முதல் வளைவைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் தலையில் ஒரு சாக்கு மூட்டை; அதற்குள் இரண்டு பாத்திரம், துணிமணி, அப்பாவின் கம்பளி, பைபிள். என் முதுகில் பள்ளிக்கூடப் பை, அதற்குள் அரிசி. கையில் பாதி தின்ற பன்.

“அத ஏம்ல வாங்குன?” என்றாள் அம்மா.

“அந்த அக்கா குடுத்தாங்க.”

“குடுத்தா வாங்கிருவியா? நான் உள்ள வேலை கேட்டுப் பேசிக்கிட்டு நிக்கேன். நீ வெளிய வாயில பன்ன வச்சிக்கிட்டு நிக்க. அதோட பேச்சு முடிஞ்சு போச்சு.”

எனக்குப் புரியவில்லை. மீதிப் பன்னைத் தின்றுகொண்டே நடந்தேன். அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். ஏலக்காட்டுப் பக்கம் வேலை கேட்டு வருகிறவர்களை யாரும் வெறுங்கையோடு விரட்டுவதில்லையாம். எல்லாரும் நல்ல மனிதர்கள். பால் சேர்க்காத ஒரு கட்டன் சாயா, ஒரு பன், சில இடங்களில் ஒரு தட்டு கப்பைக்கிழங்கு. அதைத் தின்று கையைக் கழுவிவிட்டால் வந்த காரியம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேலை என்று வாயைத் திறந்தால் நன்றி கெட்டவர்களாகிவிடுவோம். வேலை கொடுக்க நினைக்கிறவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை; பேரைக் கேட்பார்கள், கூடையைக் கொடுப்பார்கள்.

“இனிமே யாரு என்னத்த நீட்டுனாலும் கைய நீட்டாத. வேலை உண்டுன்னு வாயால சொல்லட்டும். அப்புறம் தின்னு.”

“பசிச்சா?”

“பசிக்கட்டும்.”

நாங்கள் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அப்பா அங்கே மருந்தடிக்கிற வேலையில் இருந்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில் எங்களுக்கு இருந்த ஓர் அறை அவர் பேரில் இருந்தது. அவர் செத்ததும் அறையைக் காலி செய்ய வேண்டும். அதுதான் அங்கே முறை. யாரும் கொடுமை செய்யவில்லை. முப்பதாம் நாள் ஜெபம் முடியும்வரை பொறுத்தார்கள். நாங்கள் மூட்டையை வெளியே எடுத்து வைக்கும்போது அடுத்த குடும்பம் சட்டிபானையோடு வாசலில் நின்றது. அந்த வீட்டு அம்மாள் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே சட்டியை உள்ளே வைத்தாள்.

அம்மாவுக்கு அங்கே நிரந்தர வேலை இல்லை. ஏலக்காய் எடுக்கும் காலம் தொடங்குகிறது, குமுளிப் பக்கம் ஆள் வேண்டியிருக்கும் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறினோம். ஆள் வேண்டித்தான் இருந்தது. ஆனால் கம்பத்திலிருந்து தினமும் காலையில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறி வந்து, காயெடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்கிப்போனார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்தால் போதும். எங்களுக்குக் கூரையும் கொடுக்க வேண்டும். அதனால் எங்களுக்குப் பன் கிடைத்தது.

மழை பிடித்துக்கொண்டது. அட்டைகள் காலில் ஏறின. அம்மா நின்று அவற்றைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கீழே புகை வந்த ஒரு தகரக் கூரையைக் காட்டி, “அங்க கேப்போம். அங்கயும் இல்லன்னா கம்பத்துக்கு இறங்கிருவோம். அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது,” என்றாள். சொன்ன விதத்தில் அது பயமாகத் தெரியவில்லை, தகவலாகத்தான் தெரிந்தது.

அந்தக் காட்டின் சொந்தக்காரரைக் கப்பல்காரர் என்றுதான் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக உலகம் சுற்றிவிட்டு, சேர்த்ததையெல்லாம் ஏலக்காட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பெரிய வயிறு, முன்கையில் ஒரு நங்கூரம் பச்சை குத்தியிருந்தார். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே மொழியாக வரும்.

நாங்கள் போய் நின்ற இடம் அவருடைய ஸ்டோர். பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, அடியில் விறகு எரித்துக் காயவைக்கிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். உள்ளே நுழைந்ததும் சூடும் வாசனையும் முகத்தில் அடித்தன. வேலை தேடி அலைந்து நனைந்திருந்த உடம்புக்கு அது சொர்க்கம். ஓர் அண்ணன் உலைக்குக் கட்டை தள்ளிக்கொண்டிருந்தார். கப்பல்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முன்னால் இருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வேலை கேட்டாள். அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஆள் தெகைஞ்சு போச்சு. மழையில நிக்கண்டா, உள்ள வந்து இரி,” என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, “ரெண்டு கட்டன்,” என்றார்.

சாயா வந்தது. அம்மா எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆவி பறந்து அடங்கியது.

“குடிக்கலியா?” என்றார் கப்பல்காரர்.

“வேண்டாம் முதலாளி.”

“எடா, நீ?”

“வேண்டாம்.”

“எந்தா, நான் விஷம் கலக்கிட்டேன்னா?”

“வேலை உண்டுன்னா குடிக்கோம் முதலாளி,” என்றாள் அம்மா.

“வேலை இல்லியே.”

“அப்பம்னா வேண்டாம்.”

அவர் முதல்முறையாக எங்களை நிமிர்ந்து பார்த்தார். கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியாத ஒரு முகம். “மழை விட்டதும் ரெண்டு பேரும் இறங்கணும்,” என்று மட்டும் சொன்னார். மழை விடுகிற மாதிரி இல்லை.

அண்ணனுக்குத் தட்டுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. கப்பல்காரருக்கு எதிரே ஆள் வேண்டியிருந்தது. அதனால் என்னைக் கூப்பிட்டார்.

பலகையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும். அந்த ஆட்டத்துக்குக் கோ என்று பெயர். ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி மாசக்கணக்கில் நின்றபோது, எஞ்சின் அறையில் வேலை பார்த்த ஒரு கொரியாக்காரன் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தானாம். சட்டம் சின்னது. வைத்த கல்லை நகர்த்தக் கூடாது. ஒரு கல்லுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடங்கள்தான் அதற்கு மூச்சு. எதிராளி எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டால் கல் செத்தது, எடுத்துவிடலாம். சேர்ந்து நிற்கும் கற்கள் சேர்ந்தே பிழைக்கும், சேர்ந்தே சாகும். நாலு பக்கமும் வளைத்த பிறகும் ஒரு கூட்டம் பிழைக்க வேண்டுமென்றால் உள்ளே இரண்டு தனித்தனி அறை வேண்டும்.

“ஒரு அறைன்னா சாவு. ரெண்டு அறைன்னா யாரும் தொட முடியாது. மனசிலாயோ?”

மனசிலாயிற்று. எங்கள் லயத்தில் யாருக்குமே இரண்டு அறை கிடையாது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

முழு ஆட்டம் அன்று ஆடவில்லை. பலகையின் ஒரு மூலையில் மட்டும் கற்கள் இருந்தன. அது ஒரு கணக்கு. யாரோ எந்தக் காலத்திலோ யோசித்து உண்டாக்கி, ஊர் ஊராகப் போய், கொரியாக்காரன் வழியாகக் கப்பல்காரரிடம் வந்து சேர்ந்திருந்தது. கறுப்புக் கூட்டம் மூலையில் வளைக்கப்பட்டுக் கிடக்கிறது. அதற்கு ஓர் அறை உண்டு. இன்னோர் அறை வேண்டும். முதலில் வைப்பது கறுப்பு. எங்கே வைக்க வேண்டும்? “இதத் தீத்துட்டா நீ சமையல்காரன் இல்ல” என்று சொல்லிவிட்டுக் கொரியாக்காரன் அடுத்த துறைமுகத்தில் இறங்கிப் போய்விட்டானாம். கப்பல்காரர் பல வருஷம் மண்டையை உடைத்து, அதைத் தீர்த்தும்விட்டார். தீர்த்த கதையை அந்த வட்டாரத்தில் கேட்காதவர்கள் இல்லை.

கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்றுதான். வெள்ளை நுழையக்கூடிய இடத்தை அவர் வாசல் என்றார். அதற்கு உள்ளே நடு. அதற்கும் உள்ளே மூலை.

“பாத்துக்கோ,” என்று ஒரு கறுப்புக் கல்லை வாசலில் வைத்தார். “இது இரை. வெள்ளைக்காரன் இதத் தின்னுவான். அவன் தின்னுற நேரத்துல நான் நடுவுல வச்சு ரெண்டாவது அறையக் கட்டிருவேன். அம்புட்டுதான். நீ வெள்ளை. வாங்கு.”

நான் பலகையைப் பார்த்தேன். அம்மாவைப் பார்த்தேன். அம்மா சூட்டுக்கு முதுகைக் காட்டி நின்று சேலையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்குடா.”

“வேண்டாம் முதலாளி.”

“சாயா இல்லடா இது. கல்லு. வாங்கணும். அதுதான் ஆட்டம்.”

“வாங்கியே ஆகணுமா?”

மனிதர் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்படிச் சட்டம் இல்ல,” என்றார்.

நான் வெள்ளைக் கல்லை எடுத்து நடுவில் வைத்தேன். பெரிய யோசனை எதுவும் இல்லை. அவர் அடுத்துப் போக நினைத்த இடம் அது என்று அவரே சொல்லியிருந்தார், நான் முந்திக்கொண்டேன்.

அண்ணன் கையிலிருந்த தட்டு எங்கோ இடித்து ஏலக்காய் சிதறிய சத்தம் கேட்டது. கப்பல்காரர் ஒரு கறுப்பை வைத்தார். நான் ஒரு வெள்ளையை வைத்தேன். சட்டத்தை மறந்து, அவர் வைத்ததை எடுத்து வேறிடத்தில் வைத்தார். நானும் மாற்றி வைத்தேன். இரையும் போயிற்று, இரண்டாவது அறையும் இல்லை. கறுப்புக் கூட்டம் செத்துக்கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். குடையை மறந்துவிட்டு மழையில் நடந்து தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“என்ன காரியம்டா பண்ணுன!” என்று அண்ணன் தலையில் கை வைத்தார். “அக்கா, உங்களுக்கு இங்க வேலை கெடைக்க அரையணா வாய்ப்பு இருந்துச்சு. அதுவும் போச்சு. எனக்கே இருக்குமோ என்னமோ.”

“அவன் சின்னப் பய, வெளாட்டுல தெரியாமப் பண்ணிட்டான்,” என்றாள் அம்மா.

“தெரியாமயா? கரெக்டா வச்சிட்டானே! அங்கதான் வைக்கணும்.”

“ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?” என்று கேட்டேன்.

“வந்த புதுசுலயே தெரியும். அவரு தெனம் கல்ல நீட்டுவாரு, நான் தெனம் வாங்கிக்குவேன், அவரு ஜெயிப்பாரு. இங்க யாரு உக்காந்தாலும் அதான். முதலாளி குடுக்குறத வேண்டாம்னு சொல்ற ஆளு இந்த மலையில எவன் இருக்கான்? எனக்கு ரெண்டு பிள்ளைக படிக்குதுடா.”

அம்மா காய்ந்த சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அந்தக் கணக்குக்கு வேற வழி இருக்கா?”

“இருக்கணும்க்கா. வழியே இல்லாத கணக்க எவனும் இத்தன காலம் பத்திரமா வச்சிருப்பானா?”

“மழை விடுறதுக்குள்ள அதக் கண்டுபுடிப்போம். அந்த மனுசன்கிட்ட இருந்து ஒண்ண எடுத்துட்டோம்ல, ஒண்ண வச்சிட்டுத்தான் போகணும்.” அவள் வெள்ளைக் கல் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நான் வெள்ளை. எனக்கு இங்க வேலையும் இல்ல, பயமும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் கறுப்பு. பிழைச்சிக் காட்டுங்க.”

அம்மாவை அதுவரை நான் ஆட்டம் எதிலும் பார்த்ததில்லை. லயத்துப் பெண்கள் தாயம் போடும்போதுகூட அவள் விறகு வெட்டப் போய்விடுவாள். வெள்ளைக் கல்லைக் கையில் எடுத்ததும் வேறொருத்தியாகிவிட்டாள். எதையும் விட்டுத்தரவில்லை. இரையை நீட்டினால் தொடக்கூட இல்லை. நான் அழாக்குறையாக “எம்மா, ஒரு தடவ வாங்கேன்” என்று கெஞ்சினேன்.

“நான் வாங்கிட்டா நீ ஜெயிச்சிருவியா? அதத்தான் அவரு பண்ணிக்கிட்டு இருந்தாரு.”

வாசலில் தொடங்கினால் நடுவில் அடித்தாள். மூலையில் தொடங்கினால் வாசலை அடைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அண்ணன் உலைக்கு ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறை வந்தபோதும் கறுப்பு செத்திருந்தது.

மிச்சம் இருந்தது நடுவில் தொடங்குவது. “அது ஆகாதுடா,” என்றார் அண்ணன். “முதலாளியே அத எப்பவோ தள்ளிட்டாரு. நடுவுல வச்சா, வெள்ளை வாசல்ல நுழையும். அப்புறம் இந்த ரெண்டு கறுப்புக்கும் நடுவுல வச்சதுக்கும் மூச்சு போயிரும். மூணும் சாகும். கதை முடிஞ்சது.”

வைத்துப் பார்த்தோம். நான் நடுவில் வைத்தேன். அம்மா முதலில் மூலைக்குப் போனாள். நான் வாசலை அடைத்தேன். இரண்டு அறை! குதித்தேன்.

“குதிக்காத,” என்று அம்மா தன் கல்லைத் திரும்ப எடுத்து வாசலில் வைத்தாள். “இதுக்குச் சொல்லு.”

அண்ணன் சொன்னபடியே ஆயிற்று. கறுப்பு மூன்றும் கழுத்து நெரிபட்டு நின்றன. என்ன செய்தாலும் அடுத்து அவள் எடுத்துவிடுவாள். எடுத்தும்விட்டாள். அண்ணன் பெருமூச்சு விட்டு, எல்லாக் கல்லையும் கலைத்துப் பழையபடி அடுக்கக் கையை நீட்டினார்.

“கலைக்காதீங்கண்ணே,” என்றேன்.

மூன்று கறுப்பும் போன இடம் காலியாகக் கிடந்தது. காலியான இடத்தை எனக்குத் தெரியும். எங்கள் அறை காலியானபோது வாசலில் சட்டியோடு நின்றவர்களைப் பார்த்தவன் நான். ஆள் போனதும் கதை முடிந்துவிடுவதில்லை. அடுத்தது யார் உள்ளே போகிறார்கள் என்பதுதான் கேள்வி. இப்போது காலியான அந்த மூன்று இடத்தில் யார் குடியேறுவது?

ஒரு கறுப்பை அங்கே வைத்தேன். அம்மா வைத்திருந்த வெள்ளைகளில் இரண்டுக்கு ஒரே ஒரு மூச்சு மிச்சம் இருந்தது. கிட்டத்தட்டப் பிடித்துவிட்டேன். ஆனால் ஒரு கல் குறைந்தது. என்னுடைய ஆள் ஒருவன் முன்கூட்டியே மூலையில் இருந்திருந்தால் அந்த இரண்டையும் தூக்கியிருக்கலாம்.

“அப்பம் முன்னாடியே மூலையில வை,” என்றாள் அம்மா. அவள் எதிரி என்பதை மறந்துவிட்டாள்.

“மூலையில வச்சா அதுவும் சேந்து சாகும்க்கா! மூணு சாகப் போகுதுன்னு தெரிஞ்சும் நாலாவத உள்ள அனுப்பணுமா?” என்றார் அண்ணன். “பைத்தியக்காரத்தனம்.”

பைத்தியக்காரத்தனத்தைச் செய்து பார்த்தோம். நடுவில் கறுப்பு. வாசலில் அம்மா. சாகப்போகிற மூன்றோடு நாலாவதாக மூலையில் நான். “எடு,” என்றேன். அம்மா நான்கையும் எடுத்தாள். அவள் உள்ளங்கை நிறைந்துவிட்டது. காலியான இடத்தில் நான் ஒரே ஒரு கறுப்பை வைத்தேன். நான்கை எடுக்க உள்ளே வந்திருந்த வெள்ளை இரண்டுக்கும் இப்போது மூச்சே இல்லை. தூக்கினேன். தூக்கிய இடம் என்னுடைய இரண்டாவது அறை.

உலைக்குள் ஒரு கட்டை வெடித்தது.

“இரு, இரு,” என்று அம்மா எல்லாவற்றையும் திரும்ப வைத்தாள். “நாலையும் நீ நீட்டுறப்போ நான் வாங்கலன்னா?”

அவள் வாங்காமல் வெளியே ஒரு கல்லை வைத்தாள். நான் நான்கையும் கறுப்புக் கூட்டத்தோடு இணைத்தேன். சாகக் கிடந்தவை எழுந்து நின்றன. அப்போதும் இரண்டு அறை.

“வாங்குனாலும் பிழைக்குது. வாங்கலன்னாலும் பிழைக்குது,” என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். பிறகு என் கழுத்தைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டார். அவர் சட்டை முழுக்க ஏலக்காய் மணம். அம்மா இன்னும் விடவில்லை. அங்கே வைத்தால் என்ன, இங்கே வைத்தால் என்ன என்று வெள்ளைக்கு இருந்த எல்லாப் பொந்திலும் நுழைந்து பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அவளைத் தோற்கடித்தேன். அவள் தோற்கத் தோற்க அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

மழை விட்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. குடை எடுக்க வந்த கப்பல்காரர் வாசலில் நின்று, “விட்டுருச்சு. இறங்கலாம்,” என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அம்மா எழுந்து மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். “இறங்குறோம் முதலாளி. ஒரே ஒரு தடவ வெள்ளையில உக்காருங்க. பய கறுப்பு வைக்கட்டும். அப்புறம் போயிருறோம்.”

“நானா? வெள்ளையா?”

“எம்புட்டுக் கோவம் இருக்கோ அம்புட்டும் வச்சு அடிங்க. வாங்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல.”

அவர் உட்கார்ந்தார். நான் நடுவில் வைத்தேன். அவர் மூக்கால் சிரித்தார்; அது அவர் எப்போதோ தள்ளிய வழி. வாசலில் பட்டென்று அடித்தார். நான் மூலையில் வைத்தேன்.

“எடா மண்டா, நாலும் போச்சு!” என்று நான்கையும் வாரினார். வாரிய கை காற்றில் நின்றது. நான் வைக்கும் முன்பே அவர் கண்ணுக்கு அது தெரிந்துவிட்டது. காலி இடத்தையே பார்த்தார். நான் வைத்தேன். அவருடைய இரண்டு வெள்ளையையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

திரும்ப அடுக்கினார். வாங்காமல் ஆடிப்பார்த்தார். தோற்றார். மூலையிலிருந்து வந்தார். தோற்றார். மூட்டையைத் தலையில் வைத்தபடியே அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“அப்ப இத்தன வருஷமா நான் ஜெயிச்சது?”

அண்ணன் தரையைப் பார்த்தார். “நீங்க குடுத்தீங்க முதலாளி. நான் வாங்கிக்கிட்டேன்.”

எங்கள் மூன்று பேருடைய சோறும் அந்த ஒரு நிமிஷத்தில் தொங்கியது. கப்பல்காரரின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு ஸ்டோர் தகரம் அதிரும்படி ஒரு சிரிப்பு வெளியே வந்தது. எழுந்து என்னை இரண்டு கையாலும் தூக்கினார். தட்டுகளில் தலை இடித்தது. “கள்ளப் பயலுக! எல்லாக் கள்ளப் பயலுகளும் சேந்து என்ன ராஜாவாக்கி வச்சிருந்தீங்களேடா!” என்று கத்திக்கொண்டே என்னை இறக்கிவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அந்தக் காட்டில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல். அந்த வயிறோடு அந்த ஏணியில் அவர் ஏறியதை நாங்கள் கீழே நின்று பார்த்தோம். தொட்டி மேல் நின்று, ஈரக் காற்றில் வேட்டி படபடக்க, எப்போதாவது போனில் பேசிக்கொள்கிற, எங்கோ ஒரு நாட்டில் இருந்த அந்தக் கொரியாக்காரனிடம் எங்களுக்குப் புரியாத ஏதோ மொழியில், நடு, வாசல், மூலை என்று கையை வீசி வீசிக் காட்டினார். போனில் கையசைவு தெரியாது என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. அண்ணன் விசில் அடித்தார். நான் ஏலச்செடிகளுக்கு நடுவே சும்மா ஓடினேன். உலகத்தில் என்னை வெல்ல ஆளில்லை.

இறங்கி வந்ததும் அவர் அம்மாவிடம் பேரைக் கேட்டார். பேரைக் கேட்டார் என்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. காயெடுக்கும் வேலையும், அண்ணன் வீட்டுக்கு அடுத்த அறையும். “சாயங்காலம் வேலை முடிஞ்சா நீ வந்து வெள்ளையில உக்காரணும். விட்டுக்குடுத்தா அன்னிக்கே சீட்டு கிழியும்,” என்றார் அம்மாவிடம். அண்ணனைப் பார்த்து, “ரெண்டு கட்டன். சூடா,” என்றார். அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்படி ஒரு சாயாவை அதற்குப் பிறகு நான் எந்த ஊரிலும் குடித்ததில்லை. கோயம்புத்தூர் மில் வாசலிலும் குடித்திருக்கிறேன், பாலக்காட்டில் லாரி ஷெட்டிலும் குடித்திருக்கிறேன்.

“எடா, ஜெயிச்சது நீ. ஒனக்கு என்ன வேணும்?” என்று கப்பல்காரர் கேட்டார். “அண்ணன் பிள்ளைக ஜீப்புல குமுளிக்குப் படிக்கப் போகுது. நீயும் ஏறிக்கலாம். நான் சொன்னா சேப்பாங்க. இல்ல...”

நான் அவர் முடிக்கும்வரை பொறுக்கவில்லை. “தீ பாக்கணும்,” என்றேன். “நான் இந்த ஸ்டோர்லயே தீ பாக்கேன்.”

அண்ணன் சிரித்தார். கப்பல்காரர், “ஆம்பள!” என்று என் முதுகில் தட்டினார். அம்மா வெறும் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். புதிதாக வேலை கிடைத்தவள் முதலாளி முன்னால் என்ன சொல்வாள்? தம்ளரைக் கழுவக் கொண்டுபோனாள்.

மறுநாள் காலையில் அண்ணன் எனக்குக் கட்டை தள்ளக் கற்றுக்கொடுத்தார். தடித்தது பின்னால், மெலிந்தது முன்னால், நடுவில் காற்று போக வழி. அவருடைய பிள்ளைகள் தலை வாரி ஜீப்பில் ஏறும்போது என்னை எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் மழையில் போகிறார்கள், நான் சூட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பாவம் என்று நினைத்தேன்.

அம்மா இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு, மற்ற பெண்கள் முன்னால் போன பிறகும் ஸ்டோர் வாசலில் நின்றாள். கிளம்பிப்போகிற ஜீப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்ப ஜீப்பைப் பார்த்தாள். எங்கேயோ ஒரு வழி விட்டுப்போயிருக்கிறது, அதைத் தேடி எடுத்தே தீருவேன் என்பதுபோல முந்தின நாள் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தாளே, அதே முகம். ஆட்டத்தைத்தான் இன்னும் யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

“சாயங்காலம் ஆடலாம்மா!” என்று கத்தினேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு ஏலக்காட்டுக்குள் இறங்கினாள். நான் அடுத்த கட்டையை எடுத்து உலைக்குள் தள்ளினேன்.